பாவாவின் செகண்ட் ஷிப்டு

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நான் வீடுவீடாக அலைந்த மாதத்தில் போட்ட கத்தலை, அந்தத் தெருக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். டீச்சராக இருந்தால் அந்த வேலை தானாக வந்து தலையில் விழும். திருத்தணியில் எனக்கு நாலு தெரு கொடுத்தார்கள். பேர், வயசு எல்லாம் சரியாகத்தான் போகும். போன வருஷத்தில் ஏதாவது வேலை செய்தீர்களா என்ற கேள்வி வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நானா? சும்மாதாங்க கீறேன், டீச்சர்" என்பாள் ஒருத்தி. முழங்கால்வரை சேறு காய்ந்திருக்கும்.

"இந்தச் சேறு எங்க இருந்தும்மா வந்துச்சு?"

"நடவுக்குப் போய்ட்டு வந்தேங்க."

"கூலி குடுத்தாங்களா?"

"ஆங், குடுத்தாங்க."

"அப்புறம் என்ன சும்மா? சும்மா இருக்கறவளுக்கு எவன் கூலி குடுப்பான்?" என்று திட்டிக்கொண்டே விவசாயக் கூலி என்று எழுதுவேன்.

இன்னொரு வீட்டில் விசைத்தறி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், "நான் நெசவுங்க. அது ஊட்லதான் கீது" என்று மனைவியைப் பற்றிச் சொன்னார். உள்ளே தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க இங்க இருக்கீங்க, உள்ள யாரு தறி ஓட்டறது? பேயா?" என்றேன். அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்த அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தறியை நிறுத்த வேண்டியதாயிற்று. பெண்களுக்கெல்லாம் நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வருவேன்.

வீட்டில் வேறு கதை. என் வீட்டுக்காரர் என் அத்தை மகன். சின்ன வயசிலிருந்தே எனக்கு அவர் பாவா. கம்பெனி வேலையில் இருந்தார். மகள் பிறந்தபோது, என் பள்ளிக்கூடம், அவர் ஷிப்டு, குழந்தை மூன்றும் ஒத்துவரவில்லை. "உன் வேலை கவர்மெண்டு வேலை. நான் நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. அவர் கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்தால் எதிர்வீட்டிலிருந்து கிண்ணம் வரும். குழந்தைக்குத் தலைபின்ன என்னைவிட நன்றாக வரும். மனுஷனும் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

எனக்குத்தான் வெளியில் சொல்ல வாய் வரவில்லை. அதுவும் பாவாவின் அப்பா, என் மாமாவிடம். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலம் வைத்திருப்பவர், மீசைக்காரர். மகன் அடுப்படியில் நிற்கிறான் என்று தெரிந்தால் அவன் முகத்திலேயே விழிக்கமாட்டார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அதனால் அவர் வரும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, பாவாவுக்குப் பழைய யூனிபாரம் சட்டையை மாட்டி, கையில் டிபன் பாக்ஸைக் கொடுத்து, பகல் இரண்டு மணிக்கு "செகண்ட் ஷிப்டு" என்று அனுப்பிவிடுவேன். பாவம், அவர் மலைப்படி ஏறி நிழலில் உட்கார்ந்து, நான் கட்டிக்கொடுத்த உப்பில்லாத உப்புமாவைத் தின்றுவிட்டு, ராத்திரி களைத்தவர்போல வீடு திரும்புவார்.

அந்தத் தைப்பூசத்துக்கு மாமா மொட்டை போட வந்து மூன்று நாள் தங்கிவிட்டார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாவா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம், எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் வந்து நின்றார். என் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்க்கும் வாத்தியார்தான். மாமா பாயில் உட்கார்ந்து, சந்தனம் பூசிய மொட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார் என்ன வேலை பண்றார் டீச்சர்?"

"கம்பெனி" என்றேன். ஊரெல்லாம் கத்திய வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது.

"என்ன தயார் பண்ற கம்பெனி?"

"அது... பார்ட்ஸு..."

"வீட்லருந்து எத்தனை கிலோமீட்டர் சார்? பஸ்லயா, ட்ரெயின்லயா?"

அந்தப் படிவத்தில் அப்படியும் ஒரு கேள்வி உண்டு. நான்தானே அதை வீடுவீடாகக் கேட்டவள்! பாவா என்னைப் பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார்.

"பத்தடி இருக்கும் சார். நடந்துதான் போறேன். சமைக்கறேன், பாப்பாவப் பாத்துக்கறேன். வீட்டு வேலைன்னு எழுதிக்கோங்க."

வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். எனக்கு வெட்கமாக இருந்தது. பாவாவை நினைத்து அல்ல, என்னை நினைத்து. வாத்தியார் போனதும் மாமா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மகன் முகத்தையே பார்க்கவில்லை. போச்சு, இனி இந்த வாசப்படி மிதிக்கமாட்டார் என்றே நினைத்தேன்.

"அப்போ மூணு நாளா நான் துன்ன கொழம்பு?"

"காலைல நீங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடியே நான் வச்சிடுவேன், நைனா."

"தெனமுமா?"

"ஆங், தெனமும்தான்."

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க ஊட்டுக்கும் கணக்கெடுக்க ஒரு டீச்சரம்மா வந்துச்சிடா. உங்கம்மா என்னா வேலை பண்றான்னு கேட்டுச்சி. சும்மா கீறான்னு சொல்லிட்டேன்." பிறகு என்னிடம் திரும்பி, "அத்த மாத்தி எழுதுவாங்களாம்மா?" என்றார். இன்னொரு சுற்று வருவார்கள், சொல்லிப் பாருங்கள் மாமா என்றேன். அந்தச் சுற்றுக்கெல்லாம் காத்திருக்கவில்லை அவர். அடுத்த டவுன் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். பாவா அவசர அவசரமாக எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொடுத்தார். மாமா அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

மறுநாள் அத்தை போன் செய்தாள்.

"உங்க மாமாவுக்கு என்னாடி ஆச்சி? அந்த டீச்சரக் கையோட கூட்டாந்து நிக்க வச்சிக்கினு, நான் பால் கறக்கறது, சொசைட்டிக்கு ஊத்தறது, களை எடுக்கறது, மல்லாட்டைத் தோலு ஒடைச்சிக் கடலை எடுக்கறது எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா சொல்லிக்கினே போறாரு. அந்தம்மா எழுதி முடிச்சி பேனாவுக்கு மூடியும் போட்டுடுச்சி. இவரு நிறுத்தலயே!"

சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுகூட உட்டுடலடி. இத்தினி வருசமா எல்லாத்தையும் பாத்துக்கினுதான் இருந்துகிறாரு."