மெதுவாக நடப்பவர் முன்னால்

எங்கள் தீவில் வழிகாட்டிகள் பதினாறு பேர். பதினைந்து பேர் கூட்டத்துக்கு முன்னால் நடப்பார்கள். என் அண்ணி மட்டும் கடைசியில் வருவார். முன்னால் யார் என்றால், அன்றைக்கு வந்தவர்களில் எவர் நடை மெதுவோ அவர்தான். அதனாலேயே படகுத்துறையில் அண்ணிக்கு ஆமை அக்கா என்று பெயர். நேரில் சொல்ல எவருக்கும் தைரியம் கிடையாது. நான் சொல்வேன், நாத்தனார் என்கிற உரிமையில்.

அண்ணி நடத்துவது ஒரே ஒரு நடை. கடல் நீர் இறங்கும்போது எங்கள் தீவின் தெற்கு முனையிலிருந்து பக்கத்துக் குட்டித் தீவுக்கு ஒரு மணல் பாதை தெரியும். அதில் நடந்து, தாழம்புதர்களைத் தாண்டி, காட்டுக்குள் ஏறி, உச்சிப் பாறையில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, நீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மொத்தம் நாலு மணி நேரம். தவறினால் அடுத்த இறக்கம் வரை நண்டுகளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடங்களில் அண்ணியின் கூட்டம் ஒரு முறைகூட மாட்டியதில்லை. மற்ற வழிகாட்டிகள் மாட்டியிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அதில் ஒருவன் என் அண்ணன்.

அண்ணியின் கணக்கு எளிது. வேகமானவன் முன்னால் போனால் கூட்டத்தின் வால் அறுந்துவிடும். அறுந்த வாலைத் தேடுவதற்குள் கடல் ஏறிவிடும். மெதுவானவர் முன்னால் போனால் எவரும் பின்தங்க வழியில்லை. அந்த ஆளைக் கண்டுபிடிக்கத் துறையின் இரும்புப் படிகள் போதும். அண்ணி மேலே நின்று எல்லோரும் ஏறுவதைப் பார்ப்பார். பாதிப் படியில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிறவரைக் குறித்துக்கொள்வார். அவிழாத கயிற்றைக் கட்டுகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தமாம்.

இந்த வருடம் சுற்றுலா அலுவலகம் ஒரு புதுக் குண்டைப் போட்டது. எல்லா வழிகாட்டிகளும் பரீட்சை எழுதி, நடந்து காட்டி, மறுபடி லைசென்ஸ் வாங்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரே வாய்ப்பு. அண்ணிக்கு ஐம்பத்து மூன்று. தவறினால், டிக்கெட் கவுண்டரில் என் பக்கத்து நாற்காலி. காட்டில் காலாற நடந்தவரை நாலு சுவருக்குள் உட்காரவைத்தால் என்ன ஆகும்? அவரை விட எனக்குத்தான் பயம் அதிகம், பக்கத்தில் உட்காரப்போவது நான்தானே.

எழுத்துப் பரீட்சையை அண்ணி ஊதித் தள்ளிவிட்டார். நடைக்கு ஆறு பேர் கொண்ட கூட்டம் வேண்டும் என்றார்கள். நான், அண்ணன், எதிர்வீட்டுத் தையல்காரர், அவர் மனைவி, படகோட்டிகள் இரண்டு பேர் என்று ஆள் சேர்த்தோம். பரீட்சை வைக்க வந்த அதிகாரி கனத்த உடம்பு, புது ஷூ, கையில் அட்டை. இரும்புப் படியில் ஏறி வரும்போது இரண்டு முறை குனிந்து கயிறு கட்டினார்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். வழிகாட்டி முன்னால்தான் நடக்க வேண்டும் என்று புது விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இன்று ஒரு நாள் பேசாமல் முன்னால் நட என்று அண்ணன் காதருகே கெஞ்சினான். அண்ணிக்கோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"சார், நீங்க முன்னால வாங்க."

"நான் பரீட்சை வைக்க வந்திருக்கேன்மா. பின்னால இருந்துதான் பாக்கணும்."

"பரீட்சைன்னு கடலுக்குத் தெரியாது சார். நீங்க பின்னால வந்தா, ஒண்ணு உங்கள விட்டுட்டுப் போகணும், இல்லன்னா எல்லாரும் மாட்டணும். ரெண்டும் என்னால ஆகாது."

அவர் முகம் சுருங்கிப்போனது. அட்டையில் எதையோ நீளமாக எழுதினார். பிறகு முன்னால் போய் நின்றார். எனக்கு அண்ணி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இருபத்திரண்டு வருடப் பிழைப்பை ஒரே வாக்கியத்தில் கெடுத்துக்கொள்ள இவரால்தான் முடியும்.

அதிகாரி நின்றால் நாங்கள் நின்றோம், நடந்தால் நடந்தோம். இந்த நேரத்தில் ஒரு சட்டையே தைத்திருப்பேன் என்று தையல்காரர் முணுமுணுத்தார். அதிகாரி நிற்கும் இடத்திலெல்லாம் அண்ணி பின்னாலிருந்து எதையாவது காட்டினார். ஒரு வேரடியில், பழைய சங்கை விட்டுப் பெரிய சங்குக்குக் குடிபோகும் நண்டு. இன்னொரு மரத்தில், கூடே கட்டாமல் கிளைக் கவட்டில் ஒற்றை முட்டை வைத்திருந்த வெள்ளைக் கடற்பறவை. இளைப்பாறலாம் என்ற வார்த்தையை அண்ணி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உச்சிப் பாறைக்கு எட்டுப் பேரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது மணல் பாதையின் இரண்டு பக்கமும் கடல் நெருங்கியிருந்தது. கடைசி ஆளாக அண்ணி கரையேறியபோது தண்ணீர் அவர் கணுக்காலைத்தான் தொட்டது.

துறைக்கு வந்ததும் அதிகாரி நின்றபடியே தாளை நீட்டினார். செடி கொடி, பறவை, பாதுகாப்பு, நேரம் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். வழிகாட்டி முன்னால் நடந்தாரா என்ற இடத்தில் மட்டும் பூஜ்யம். மொத்தம் எண்பத்தெட்டு. எழுபது வாங்கினால் லைசென்ஸ். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணி விடுவாரா? இந்தப் பூஜ்யம் எதற்கு என்று கேட்டார். நான் இடுப்பில் கிள்ளியதையும் பொருட்படுத்தவில்லை. விதி அப்படி, நீங்கள் முன்னால் நடக்கவில்லை, பொய் எழுத முடியாது என்று அதிகாரி அமைதியாகச் சொன்னார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சின்ன வயசுலேர்ந்து எந்தக் கூட்டத்தோட போனாலும் நான்தான்மா கடைசி. முன்னால போனவங்க உக்காந்து எனக்காகக் காத்திருப்பாங்க. நான் போய்ச் சேந்ததும் எழுந்து கிளம்பிடுவாங்க. எனக்கு உக்கார நேரமே இருக்காது. இன்னைக்குத்தான் நான் நின்னப்போ எல்லாரும் நின்னாங்க."

அண்ணி இத்தனை வருடமும் இதைக் கடலுக்கும் நேரத்துக்கும் இடையிலான கணக்காக மட்டும்தான் நினைத்திருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். அதிகாரியை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய படகு மணியடித்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவசரமாகப் படியை நோக்கித் திரும்பினார்.

அண்ணி முந்தானையால் பெஞ்சைத் துடைத்தார்.

"உக்காருங்க சார். படகு நிக்கும்."

சொல்லிவிட்டுப் படகோட்டியை ஒரு பார்வை பார்த்தார். படகு நின்றது.