நீக்கப்பட்ட பதினேழு புள்ளிகள்

அலுவலகத்தில் அவரைப் ‘புள்ளி அக்கா’ என்றே அழைத்தார்கள். நிலத்தடியில் எழும் நுண்ணதிர்வுகளைக் கணினித் திரையில் புள்ளிகளாகக் குறிப்பது பதினோரு ஆண்டுகளாக அவருடைய வேலை. எரிவாயு அடைபட்டிருக்கும் ஷேல் பாறைக்குள் பேரழுத்தத்தில் நீரைச் செலுத்தினால் பாறை விரிசல் விடும். ஒவ்வொரு விரிசலும் ஒரு சிற்றதிர்வை எழுப்பும். பக்கத்துக் கண்காணிப்புக் கிணற்றில் இறக்கிய பன்னிரண்டு உணர்கருவிகள் அதைப் பதிவு செய்யும். அதிர்வு எழுந்த இடத்தைக் கணக்கிட்டால், விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரியும்.

அவருடைய அண்ணன் அதே எரிவாயு வயலில், பழைய கிணறுகளைப் பராமரிக்கும் குழுவில் வால்வு மெக்கானிக். ஒரே வீட்டில் கீழ்த்தளத்தில் அண்ணன் குடும்பம், மாடியில் இவர்.

“ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல கல்லு முனகுறது உனக்குக் கேக்குது. கீழ நின்னு நான் கத்துறது கேக்கல” என்பார் அண்ணன்.

“கல்லு காரணமில்லாம கத்தாதுண்ணே.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. பம்புகளும் லாரிகளும் ஓயாமல் தரையை அதிரச் செய்வதால், பின்னணி இரைச்சலைவிட மூன்று மடங்கேனும் வலுவில்லாத அதிர்வை, இடம் கணக்கிடாமலேயே நீக்கிவிட வேண்டும். பதினான்காம் கட்ட நீரேற்றம் நடந்த காலையில் அத்தகைய மெல்லிய அதிர்வுகள் பதினேழு வந்தன. முதலாவது 10.40க்கு. அவர் வழக்கம்போல் ஒவ்வொன்றாக நீக்கினார்.

நீரேற்றிய கிணற்றுக்குக் கிழக்கே அரைக் கிலோமீட்டரில் இருந்த பழைய கிணற்றில், அண்ணன் குழு கிணற்று வாயிலிருந்த வால்வை மாற்றிக்கொண்டிருந்தது. 11.02க்குக் கிணற்றுக்குள்ளிருந்து பீறிட்ட அழுத்தம் வால்வை அண்ணன் மேல் தூக்கியெறிந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அண்ணன் இறந்தார்.

விசாரணைக் குழுவின் வரைவறிக்கை ஒரே வரியில் முடித்தது: ‘அழுத்தமானியைப் பார்க்காத பணியாளரின் கவனக்குறைவு.’ பணிக்குறிப்பில் ‘10.30, அழுத்தம் பூஜ்யம்’ என்று அண்ணன் தம் கையால் எழுதியிருந்தார். பார்க்காமலே எழுதிவிட்டார் என்பது குழுவின் முடிவு. அண்ணி அந்த வரைவைப் படித்துவிட்டு, “மனுஷன் வீட்டு கேஸையே மூணு தடவ மூடிப் பாப்பாரு” என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் இறந்த ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பிய புள்ளி அக்கா, மூலப் பதிவிலிருந்து அந்தப் பதினேழு அதிர்வுகளையும் மீட்டார். மூன்று நாள் மறுபடி மறுபடி கணக்கிட்டுச் சரிபார்த்தார். அவை இரைச்சல் அல்ல. கருவிகளுக்குத் தொலைவில் எழுந்ததால் மெலிந்து வந்தவை. நீரேற்றிய கிணற்றிலிருந்து பழைய கிணறுவரை, பாறையின் பழைய பிளவொன்றின் வழியே ஒரே கோட்டில் நின்றன. நீரின் அழுத்தம் அந்தப் பிளவில் புகுந்து பழைய கிணற்றை நோக்கி நகர்ந்ததே 10.40க்குப் பிறகுதான்; அண்ணன் எழுதியபடி 10.30க்கு அழுத்தம் உண்மையிலேயே பூஜ்யம்தான்.

மேலாளர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“விதிப்படிதானே நீக்கினீங்க? உங்கள யாரும் கேக்கலையே. எதுக்கு நீங்களா போய்த் தலையக் குடுக்கிறீங்க?”

“எங்கண்ணன் பேரக் கெடுத்திருக்காங்களே சார்.”

நீக்கியவர் யார், எத்தனை மணிக்கு என்ற விவரத்தோடு வரைபடத்தை விசாரணைக் குழுவுக்கு அனுப்பினார். அன்று மாலை கீழே இறங்கிப்போய், அண்ணியிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார்.

அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டார். “மொதல் புள்ளி வந்தப்பவே தெரிஞ்சிருக்குமா?”

“முதல் ஒண்ணு ரெண்டுல தெரியாது அண்ணி. அஞ்சாறு சேந்தா திசை தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப எவ்ளோ நேரம் இருந்திருக்கும்?”

பொய் சொல்லலாமா என்று அவர் ஒரு கணம் நினைத்தார். “பத்து நிமிஷம்.”

“ஒரு போனுக்குப் போதும்.”

“போதும் அண்ணி.”

மடித்த சட்டையை அண்ணி மறுபடி உதறி மடித்தார். “அவரு பாக்காம எழுதலன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லணும். அந்தப் படத்துல ஒண்ணு குடு” என்றார்.

இறுதி அறிக்கையில் கவனக்குறைவு என்ற வரி இல்லை. ஏழாம் இணைப்பில் அந்தப் பதினேழு புள்ளிகளும் நேரத்தோடு உள்ளன. அறிக்கை வந்த வாரமே அண்ணி பிள்ளைகளுடன் தம் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். சாவியை மாடிக் கதவின் கைப்பிடியில் மாட்டியிருந்தார், கதவைத் தட்டவில்லை.