கப்பல் சமையற்காரருக்கும் ஒரு கல்

பொறாமை கெட்ட குணம் என்று சொல்பவர்கள் சின்னவள் இருந்த வீட்டில் ஒரு வருஷம் இருந்து பார்க்கட்டும். பிறகு பேசட்டும்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் இருவரும் ஒரே போரில் புருஷனைப் பறிகொடுத்தார்கள். பெரியவளின் புருஷன் கடற்படைச் சிப்பாய். கப்பலேறிய கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் கண்டு, படுத்த படுக்கையில் போய்ச் சேர்ந்தார். சின்னவளின் புருஷன் கோதுமை ஏற்றிப்போன சரக்குக் கப்பலில் சமையற்காரர். எதிரியின் குண்டு பட்டு அந்தக் கப்பல் மூழ்கியபோது ஒருவர்கூட மிஞ்சவில்லை. அண்ணன் பெயர் துறைமுகத்து நினைவுக் கல்லில் ஏறியது. தம்பி பெயரை ரேஷன் அட்டையிலிருந்து அடித்தார்கள், அதோடு சரி.

நினைவு நாள் வந்தால் பெரியவளைக் கூட்டிப்போக அரசாங்கக் கார் வாசலில் நிற்கும். முதல் வரிசையில் நாற்காலி. திரும்பி வந்ததும், எந்த அதிகாரி எழுந்து நின்று வணங்கினார் என்று ஒன்று விடாமல் சொல்வாள். தார்ப்பாய் தைத்துக் கறுத்த விரல்களோடு சமையலறையில் நிற்கும் சின்னவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு வரும். அன்றைக்குப் பாத்திரங்கள் படும் பாடு சொல்லி மாளாது.

“காய்ச்சல்ல போனவருக்குக் கல்லு. கடல்ல போனவருக்கு ஒண்ணுமில்ல” என்று சுவரிடம் சொல்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவள் இருப்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

வெறும் வயிற்றெரிச்சலோடு அவள் நிற்கவில்லை. அதே கப்பலில் போனவர்களின் வீடுகளைத் தேடிப்பிடித்து, அந்தப் பெண்களையும் இழுத்துக்கொண்டு செருப்புத் தேய அலைந்தாள்.

“அவங்க சிப்பாய் இல்லையேம்மா, சம்பளத்துக்குப் போனவங்க” என்றார் ஓர் அதிகாரி.

“ஏன் சார், உங்க சிப்பாய் சம்பளம் வாங்காமலா சுட்டான்?”

வருஷக்கணக்கில் நச்சரித்த பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது. சரக்குக் கப்பல்காரர்களுக்கும் ஒரு கல் நடலாம். ஆனால் கப்பல் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அதனால் ஒவ்வொருவரும் கப்பலேறியதைக் கண்ணால் பார்த்த ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

சின்னவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். போர்க்கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் ஒரே கூட்டமாகக் கிளம்பிய அன்று கடற்படைக் குடும்பங்களுக்கு மட்டும்தான் படகுத்துறை வரை அனுமதி. மற்றவர்களைக் காவல்காரன் வெளிக்கேட்டிலேயே மறித்துவிட்டான். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு அவள் பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுதான். உள்ளே நின்றவள் பெரியவள். போயும் போயும் அவள் காலிலா விழுவது!

விழுந்தாள். “அக்கா, ஒரு சாட்சி சொல்லணும்.”

பெரியவள் முறத்திலிருந்த அரிசியைப் புடைத்து முடித்தாள். பிறகு “வரேன்” என்றாள்.

அலுவலகத்தில் குமாஸ்தா கேட்டார்: “அவர் ஏறினதை நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன். தோள்ல மூட்டை. ஏணியில ஒரு படி ஏறுவாரு, நின்னு வெளிக்கேட்டைத் திரும்பிப் பாப்பாரு. அடுத்த படி ஏறுவாரு, மறுபடியும் பாப்பாரு. பின்னால நின்னவங்க திட்டுறாங்க, காதுலயே போட்டுக்கல. நான் பக்கத்துலதான் நின்னேன். என்னைக் கண்டுக்கவே இல்ல.”

“ஏறினார்னா போதும்மா” என்றார் குமாஸ்தா. பெயர் அடுத்த மாதமே கல்லில் ஏறிவிடும் என்றார். சின்னவள் பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே படிக்கட்டில் அவள் பெரியவளை மறித்தாள். “இத்தனை வருஷமா ஏன்க்கா சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்?” என்றாள் பெரியவள். “எங்க வீட்டுக்காரர் வரிசையில நடந்து போனாரு. சிப்பாய் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு உத்தரவாம். மத்தவங்க ஓரக்கண்ணாலயாவது பாத்தாங்க. இவரு அதுகூடப் பாக்கல. எனக்குன்னு இருக்கிறது அந்தக் கல்லு ஒண்ணுதான். அதுக்கும் நீ பங்குக்கு வந்து நின்னே. இதையும் உனக்குத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா? உன்னைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்டி!”

சின்னவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அறைந்துவிடலாமா என்றுகூட இருந்தது. அப்புறம் படியிலேயே உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவை சொல்லுக்கா” என்றாள். “மூட்டையில இருந்து சொல்லு.”

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, மூட்டையிலிருந்து சொன்னாள்.