பன்னிரண்டு பாகை

கணவன் அப்ராஸின் படகு நடுக்கடலில் இயந்திரம் பழுதாகி நிற்கிறது என்ற செய்தியோடு தம்பிலுவில் ஊர்ப் பாக்கியராசா மருந்துக்கடைக்கு வந்தபோது, றிபா யாருக்கோ காய்ச்சல் குளிசை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாக்கியராசாவும் ஆழ்கடல் தொழில்காரர். அவருடைய படகின் வானொலியில்தான் அப்ராஸின் குரல் கடைசியாகக் கேட்டிருந்தது. கரை இறங்கியதும் நேரே சாய்ந்தமருதுக்கு வந்திருந்தார்.

"தேடிப் போனம் தங்கச்சி, காணல்ல. இது நீரோட்டம் கிழக்கால இழுக்கிற காலம். ஒரு நாளைக்கு நாப்பது கிலோமீற்றர் போகும்" என்றார். அப்ராஸ் சொன்ன இடத்தை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார். பூமத்திய ரேகைக்குக் கிட்ட, கிழக்கு நெட்டாங்கு எண்பத்தாறு பாகை. படகில் நான்கு பேர். அது நடந்து ஆறு நாளாகியிருந்தது.

உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் மருந்துக்கடைக்கு வந்தவள் றிபா. அன்று பின்னேரம் தேசப்படத்தை விரித்துப் பார்த்தாள். அந்த ரேகையோடு கிழக்கே போனால், தொண்ணூற்றெட்டில் சுமாத்ராவின் தீவுகள். இடையில் பன்னிரண்டு பாகை. உலகின் சுற்றளவை முன்னூற்றறுபதால் வகுத்தால் ஒரு பாகைக்கு எவ்வளவு என்று வரும். சுற்றளவு நாற்பதாயிரத்து எழுபத்தைந்து கிலோமீற்றர் என்று படித்தது நினைவிருந்தது. ஆனால் நான்கு உயிரை ஒரு நினைவை நம்பி விடுவதா? தானே அளந்து பார்த்தால்தான் மனம் ஆறும் போலிருந்தது.

மறுநாள் காலையில் தம்பி முபீனின் முச்சக்கர வண்டியில் ஏறினாள்.

"எங்க றாத்தா போற?"

"வடக்கால ஓட்டு. நிப்பாட்டு எண்டு செல்ற வரைக்கும் ஓட்டு."

வடக்கே போகப் போகக் கூடும் அகலாங்கைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே வந்தாள். கல்முனை, மருதமுனை, பெரியநீலாவணை எல்லாம் போயின. பாகையில் பத்தில் ஒன்று கூடியபோது வண்டி களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட நின்றது. வண்டி மீற்றரில் பன்னிரண்டரை கிலோமீற்றர். பாதை மேற்கே சாய்ந்து போவதால் வந்த கூடுதலைக் கழித்தாள். பதினொன்றும் சொச்சமும் மிஞ்சியது. ஒரு பாகைக்கு நூற்றுப்பதினொன்று. முன்னூற்றறுபதால் பெருக்கினால் நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வந்தது. பூமத்திய ரேகையில் கிழக்கு மேற்காகவும் ஒரு பாகைக்கு ஏறக்குறைய அதே அளவுதான்.

"சரியாத்தான் இரிக்கி" என்றாள். முபீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா அழுவதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

பன்னிரண்டு பாகைக்கு ஆயிரத்து முன்னூற்று முப்பத்தைந்து கிலோமீற்றர். நாளைக்கு நாற்பதாகப் போனால் முப்பத்துநான்கு நாள். படகிலுள்ள தண்ணீர் அவ்வளவு நாளைக்குக் காணாது, தீர்ந்துவிடும். மழை பெய்தால் காணும். கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு, தேடச் சொல்லிக் கேட்கக் கடற்றொழில், கடற்படை அலுவலகங்களுக்குப் போனாள். தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தத் தூரத்துக்கு இங்கிருந்து யாரும் போவதில்லை என்று ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்.

இயந்திரம் நின்ற முப்பத்தெட்டாம் நாள் படகு கரை ஒதுங்கியது. சுமாத்ராவுக்கு மேற்கே, அவள் விரல் வைத்த இடத்துக்குச் சற்று வடக்கே, ஒரு சின்னத் தீவு. முபீனின் கைப்பேசிக்குப் படங்கள் வந்தன. நீலப் படகு, உடையாமல் முழுசாக இருந்தது. மேலே மழைத்தண்ணீர் பிடிக்கக் கட்டிய தறப்பாள். அதில் தண்ணீரும் தேங்கியிருந்தது. ஆட்கள் மட்டும் இல்லை.

பாக்கியராசா படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தார். எண்ணெய்ப் பீப்பாய்களையும் காணவில்லை.

"கப்பல் வெளிச்சம் ஏதும் கண்டிருப்பாங்க. பீப்பாவச் சேர்த்துக் கட்டி இறங்கியிருக்காங்க போல. எவ்வளவு தூரம் கிடக்கு எண்டு தெரியாம, எத்தின நாளைக்குத்தான் சும்மா இருக்கிறது?"

"எனக்குத் தெரியும்" என்றாள் றிபா. "எனக்குத் தெரிஞ்சி என்ன, அவருக்கிட்டச் செல்ல ஏலாமப் போச்சே."

அடுத்த கிழமை பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்து மீராமுகைதீன் வந்தார். நான்கு பேரும் இறந்துவிட்டதாகக் கொண்டு ஜனாஸாத் தொழுகை வைப்பதா என்று மற்ற மூன்று வீடுகளிலும் கேட்டாயிற்றாம். அவர்கள் சம்மதித்துவிட்டார்களாம்.

"மூணு பேருக்கு வைங்க" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். "அப்ப நீ இத்தாவும் இருக்கயில்லையா மகள்? புருசன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இருக்கோணுமே."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.