கன்னத்தைத் தட்டினால் துள்ளும் உதடு

தைராய்டை எடுத்த பிறகு நான் திருச்சி மன்னார்புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. மகளுக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. அவளையும் சமையலையும் தான் பார்த்துக்கொள்வதாகக் கணவர் சொல்லிவிட்டார். தங்கை என்னை ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கக்கூடாது என்று அம்மா சொல்வது வழக்கம். துக்க வீடு, பள்ளிக்கூடப் பிரேயர், பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் என்று எங்கே சிரிக்கக்கூடாதோ அங்கேதான் எங்களுக்குச் சிரிப்பு வரும். கழுத்தில் தையலோடு சிரித்தால் எப்படி வலிக்கும் என்பது அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு பக்கமும் கட்டி இருந்ததால் முழுவதையும் எடுத்திருந்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அதைப் பேசாமல் இருப்பதற்காக மற்ற எல்லாவற்றுக்கும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை சோபாவில் சாய்ந்திருந்தேன். உதட்டைச் சுற்றி ஏதோ குறுகுறுவென்று ஊர்ந்தது.

"உதட்டுல எறும்பு ஊருதுடீ" என்றேன்.

தங்கை குனிந்து பார்த்தாள். "எறும்பெல்லாம் இல்லக்கா. கேசரி தின்னியா, எனக்குத் தெரியாம?"

அதற்கும் சிரித்தோம். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. சற்று நேரத்தில் விரல் நுனிகளும் மரத்துப்போயின. காபி டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன். கை டம்ளரைப் பிடிக்கவில்லை. கட்டைவிரல் உள்ளே மடங்க, மற்ற விரல்கள் விறைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, குழந்தைக்குச் சோறு ஊட்டப் போகிற மாதிரி. பிரிக்க முயன்றேன், பிரியவில்லை.

"யாருக்குக்கா ஊட்டப் போற?" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வாயைச் சுற்றி மரத்தாலோ கை இழுத்தாலோ உடனே வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் சொல்லியிருந்தது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அவள் நைட்டிக்கு மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள்.

காவேரிப் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. இப்போது இன்னொரு கையும் இழுத்துக்கொண்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் தங்கையிடம் கேட்டார்.

"அம்மா ரொம்ப நேரமா கையைக் காட்டுறாங்க. என்ன கேக்குறாங்க?"

"ஒண்ணும் கேக்கலீங்க. கை அப்படியே நின்னுடுச்சு. நீங்க போங்க."

பயத்தின் நடுவே தங்கையின் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நானும் தொலைந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா என் காதுக்கு முன்னால் கன்னத்தை விரலால் லேசாகத் தட்டினார். என் மேலுதடு தானாகத் துள்ளியது. மறுபடி தட்டினார், மறுபடி துள்ளியது. அவர் முகம் மலர்ந்தது. ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, வெளியே நின்ற மாணவர்களைக் கூப்பிட்டார்.

"பாருங்க, கால்சியம் குறைஞ்சா இப்படித்தான் இருக்கும். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையேம்மா?"

நான் தலையாட்டினேன். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து தட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் என் உதடு தவறாமல் பதில் சொன்னது. வகுப்பில் இத்தனை வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பிள்ளைகள் என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. கடைசியில் தங்கை கேட்டாள்.

"நானும் ஒரு தடவை தட்டிக்கவா டாக்டர்?"

அவ்வளவுதான். கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த விறைத்த கையாலேயே பிடித்துக்கொண்டேன்.

மானிட்டரை மாட்டிவிட்டு, நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினார்கள். தொண்டையிலிருந்து நெஞ்சுவரை வெந்நீர் இறங்குவது போல இருந்தது. விரல்கள் தளர்ந்தன. முதலில் சுண்டுவிரல் அசைந்தது. தங்கை அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, இப்போது நிஜமாகவே அழுதாள்.

டாக்டரம்மா விளக்கினார். "தைராய்டுக்குப் பின்னாடி உளுந்து சைஸ்ல நாலு சுரப்பி இருக்கும். ரத்தத்துல கால்சியத்தைப் பார்த்துக்கிறது அதுங்கதான். ஆபரேஷன்ல அரண்டுபோய்த் தூங்குது. எழுந்துக்க நாள் ஆகும்."

"எங்கக்காகிட்ட தூங்கற உறுப்புன்னு ஒண்ணு இருக்கறதே இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள் தங்கை.

"வைட்டமின் டி-யும் அடிமட்டத்துல இருக்கு. அதனாலதான் இவ்வளவு படுத்துது."

"திருச்சியிலயா டாக்டர்? வெயிலுக்கா பஞ்சம்?"

"வெயில் இருக்கு. இவங்க அதுல இருந்தாங்களா?"

ஸ்கூட்டரில் கையுறை, முகத்தைச் சுற்றித் துப்பட்டா, இறங்கினால் குடை. வெயிலை என் மேல் படவிட்டதே கிடையாது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அதோடு சேராதபடி நேரம் தள்ளிக் கால்சியம், வாரம் ஒருமுறை வைட்டமின் டி. இவற்றோடு தினமும் கொஞ்ச நேரம் வெயில். டிபன் முடிந்ததும் தங்கை என்னை மொட்டைமாடிக்கு ஏற்றி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்காருவாள். தூரத்தில் கோபுரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், நாங்களும்.

எதிர் வீட்டு மாமி அந்த மாடியில் வடாம் பிழிய வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். "என்னடி இது, ரெண்டு பேரும் இப்படிக் காயறேளே?"

"டாக்டர் காயச் சொல்லியிருக்காங்க மாமி. எலும்புக்கு நல்லதாம்."

மாமி யோசித்தார். "நேக்கும் முழங்கால் வலிதான்" என்று சொல்லிப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே தூக்கிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து அவருக்கும் ஒரு நாற்காலி போட்டோம்.

அப்படி மூன்று பேரும் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் கணவர் போன் செய்தார்.

"ரிப்போர்ட் வாங்கிட்டேன். சாதாரணக் கட்டிதானாம். வேற ஒண்ணும் இல்லையாம். கேக்குதா?"

போனைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. மாமி என்னவென்று கேட்டார், சொல்ல முடியவில்லை. ஒன்றும் புரியாமல் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு காக்கை வந்து வடாமைக் கொத்திக்கொண்டு போனது, யாரும் விரட்டவில்லை.

தூங்கிய சுரப்பிகள் அவசரப்படாமல்தான் எழுந்தன. கால்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சில மாதங்களில் நிறுத்திவிட்டார்கள். தைராய்டு மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. கால்சியத்தை நிறுத்திய வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் காவேரிக் கரையில் இருக்கும் முக்கொம்புக்குப் போனோம். மகள் பொரித்த மீன் வாங்கி வந்தாள். மீனில் வைட்டமின் டி இருக்கிறது என்று காரணம் காட்டி, அவளுடைய பங்கிலிருந்தும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன்.