மாலை ஆறு மணிவரை மட்டும்

பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் வேலையின்றி இருந்த என்னை எங்கள் ஊர்ச் சபையின் அனுமதிப்பத்திரக் குழுவுக்கு எழுதுவினைஞனாக எடுத்தார்கள். போரால் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெய் மருந்தைப் போல அளந்து விற்கப்பட்ட தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குழுவில் இருவர்: ஓய்வுபெற்ற ஆசிரியரான தலைவர், சுகாதாரப் பரிசோதகர். முடிவை அவர்கள் எடுப்பார்கள். காரணங்களை நான் எழுதுவேன். காரணங்கள் நேர்மையாக இருந்தால் முடிவும் நேர்மையாக இருக்கும் என்று அந்நாளில் உறுதியாக நம்பியிருந்தேன்.

சுன்னாகத்துக்குப் போகும் வீதியோரத்தில், தம் வீட்டு வாசற் படலைக்குள்ளே புட்டு அவித்து விற்ற ஒரு பெண்மணி மீது முறைப்பாடு வந்தது. கணவரை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தப் புட்டை நம்பியே இருந்தார்கள். எவருடைய கையால் எங்கள் ஊரார் தண்ணீரும் வாங்கிக் குடிக்க மாட்டார்களோ, அந்தச் சமூகத்தில் பிறந்தவர். பொழுதுபட்ட பின்பே அவருடைய வியாபாரம். வாங்கியவர்கள் அங்கே நின்று உண்பதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். விளக்கெரித்து இரவுச் சமையல் செய்ய எண்ணெய் இல்லாத வீடுகள் பெருகியிருந்தன. ஆகவே வியாபாரம் நன்றாகவே நடந்தது. முறைப்பாட்டில் முதற் கையொப்பம் சந்தித் தேநீர்க்கடைக்காரருடையது.

விசாரணை பகல் பதினொரு மணிக்கு. கடைக்காரருக்குக் கதிரை போட்டார்கள். அந்தப் பெண்மணி நின்றுகொண்டிருந்தார்.

"இருட்டுக்குள்ளை அவிச்ச புட்டிலை என்ன கிடக்கெண்டு பேய்க்குத்தான் தெரியும்," என்றார் கடைக்காரர்.

"அந்தப் பேயும் திரும்பத் திரும்ப வந்து வாங்குது, ஐயா," என்றார் அந்தப் பெண்மணி.

பரிசோதகர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை.

"உனக்கு வாய் கூடிப்போச்சு. கேட்டதுக்கு மறுமொழி சொல்லு. பகலிலை வித்தால் என்ன?"

"பகலிலை ஆக்கள் வராயினம்."

"ஏன் வராயினம்?"

அவர் தலைவரைப் பார்த்தார், பரிசோதகரைப் பார்த்தார், கடைசியில் என்னையும் பார்த்தார். "அது உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரிஞ்சால் நாங்கள் ஏன் கேக்கிறம்?"

'காரணம் எதுவும் காட்டப்படவில்லை' என்று நான் குறித்துக்கொண்டேன்.

அன்றிரவு மூன்று பக்கங்கள் எழுதினேன். கடையை மூடினால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். பரிசோதிக்க முடியாத உணவால் பலருக்கு நோய் வரலாம். செல் குண்டு விழும் காலத்தில் இருட்டில் சனம் கூடுவதும் ஆபத்து. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு, உணவுக்குக் கண்ணாடி அலுமாரி ஆகிய நிபந்தனைகளுடன், காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணிவரை மட்டும் விற்க அனுமதிக்கலாம் என்று முடித்தேன்.

"பாத்தீரே, ஒருத்தரின்ரை வயித்திலையும் அடிக்கேல்லை," என்று தலைவர் மெச்சினார். கடைக்காரர்கூட எதிர்க்கவில்லை. அவர் ஏன் எதிர்க்கவில்லை என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நிபந்தனைகள் அனைத்தையும் அந்தப் பெண்மணி நிறைவேற்றினார். கண்ணாடி அலுமாரி ஒன்றை எங்கோ தேடி வாங்கிவந்தார். காலையில் நான் சைக்கிளில் போகும்போது அலுமாரிக்குள் புட்டு ஆவியெழ இருக்கும். மாலையில் திரும்பும்போது அதே புட்டு காய்ந்து கிடக்கும். எங்கள் வீடிருந்த ஒழுங்கையில் வெங்காயத் தோட்டம் செய்த ஒருவரிடம், இப்போது ஏன் அங்கே வாங்குவதில்லை என்று கேட்டேன்.

"நாலு சனம் பாக்கவோ? உமக்கென்ன விசரே, தம்பி? இருட்டெண்டால் ஆற்றை கையாலை வந்ததெண்டு ஆர் கேக்கப்போறான்? பகலிலை வாங்கினால் என்ரை பெட்டையை ஆர் கட்டுவான்?" சொல்லிவிட்டு, "ஆனால் நல்ல புட்டு," என்றார் வருத்தத்துடன்.

நேரத்தை இரவு ஒன்பதுவரை நீட்டும்படி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு தலைவரிடம் போனேன். அவர் பொறுமையாக வாசித்தார்.

"நீர் எழுதின மூண்டு பக்கத்திலை சாதியெண்டு ஒரு சொல்லுக் கிடக்கோ?"

"இல்லை, சேர்."

"பிறகு எதைத் திருத்திறது?" குறிப்பை மடித்து என்னிடமே தந்தார். "எங்கடை வீட்டிலையும் மனவருத்தம்தான். நல்ல கைப்பக்குவம்."

அடுத்த மாதம், வேலியடியில் வந்து நின்று கேட்டவர்களுக்காக அந்தப் பெண்மணி மறுபடியும் பொழுதுபட்டபின் அவித்தார். கடைக்காரர் தகவல் கொடுத்தார், பரிசோதகர் போனார். மறுநாட் காலை, சபை முற்றத்தில் அத்தனை புட்டையும் கொட்டி, அதன்மேல் பினைலை அந்தப் பெண்மணியைக் கொண்டே ஊற்றுவித்தார்கள். அவர் போத்தலின் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார்.

மேசையில் அவருடைய பானையும், புட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டியும் இருந்தன. அருகே ஐந்து தூக்குச்சட்டிகள். புட்டு வாங்க வந்தவர்கள் படலையடியில் விட்டுவிட்டு ஓடியவை. எங்கள் வீடுகளில் சட்டி, பானை போன்ற ஏதனத்தின் அடியில் பெயர் வெட்டுவிப்பது வழக்கம்.

"ஆர் வாங்கினது?" என்று தலைவர் கேட்டார்.

அந்தப் பெண்மணி சட்டிகளைப் பார்த்தார். இனிமேல் மா இடிக்கவும் முற்றம் கூட்டவும் அவரைக் கூப்பிடக்கூடிய வீடுகள் அவைதாம். "இருட்டு, ஐயா. முகம் தெரியேல்லை."

படிவத்தில் வாங்கியோர் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. நான் முதற் சட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வீடு. இரண்டாவதை எடுக்குமுன் தலைவர் அதைத் தம் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். ஐந்து குடும்பங்களின் மானம், அங்கே கலியாணத்துக்கு நிற்கும் பெண்கள் என்று அப்போதும் நான் நிறுத்துத்தான் பார்த்தேன். 'அடையாளம் தெரியாதோர்' என்று எழுதி, நேர நிபந்தனையை மீறியதற்காக அனுமதி இரத்துச் செய்யப்படுவதாகக் கீழே சேர்த்தேன்.

மத்தியானத்துக்குள் நான்கு சட்டிகளைச் சபைச் சிற்றூழியர் கழுவி உரிய வீடுகளில் சேர்ப்பித்தார். அவர் எவரிடமும் விலாசம் கேட்கவில்லை. ஐந்தாவது தலைவரின் சைக்கிளில் போனது.

அந்தப் பெண்மணி வாசலிலேயே நின்றார்.

"அந்த நீத்துப்பெட்டியை எண்டாலும் தாங்கோ, தம்பி. பிள்ளையளுக்கு அவிக்க."

"அதுக்கு ஒரு மனு எழுதித் தரவேணும்," என்றேன்.