மூன்று பாண்டிச்சேரி டிக்கெட்

போன சனிக்கிழமை விழுப்புரம் ஸ்டேஷனில் என் மானம் போயிற்று. போனது என் மானம் மட்டும் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்!

குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது என்று இதே பத்தியில் பீற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? பாராட்டிக் கடிதம் எழுதியவர்கள் கொஞ்சம் மன்னிக்க வேண்டும்.

நம் பக்கம் மதுவிலக்கு. பாண்டிச்சேரியில் அது கிடையாது. நடுவில் இருப்பது கொஞ்ச நேர ரயில் பயணம். குடிகாரனுக்கு இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்? அந்த ரயிலிலேயே பாதி ஆயுளைக் கழித்த மூன்று பேர் நாங்கள் — நான், சைக்கிள் கடை கோவிந்தசாமி, டெய்லர் அந்தோணி.

எட்டு மாதத்துக்கு முன் என் மனைவி கோபித்துக்கொண்டு திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அழைத்து வரப் போன எனக்கு இவர்கள்தான் துணை. அப்படியே பக்கத்தில் பெருமுக்கல் மலைக் கோயிலுக்கும் ஏறினோம். கோவிந்தசாமி கற்பூரம் ஏற்றினார். அந்தோணி சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். வேண்டுதல் மட்டும் ஒன்றுதான்: "என்னால தனியா முடியாது... இன்னிக்கு ஒரு நாள் காப்பாத்து."

மனைவி வந்தாள். "இன்னொரு தடவை அந்த வாடை வந்துச்சுன்னா, அப்புறம் என்னைக் கூப்பிட வராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கோவிந்தசாமி கடையில் கூடுவோம். "இன்னிக்கு இல்ல" என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்லிவிட்டு, டீ குடித்துப் பிரிவோம். ஆசை வந்தால் மறைக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

போன சனிக்கிழமையும் சொன்னேன். வாய்தான் சொன்னது! மனைவி பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். ஞாயிறு சாயங்காலம்தான் வருவாள். வீடு காலி... புத்தி சும்மா இருக்குமா? டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன்.

தூணுக்கு அந்தப் பக்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள். பார்த்தால், கோவிந்தசாமி!

"இன்னா சார், இங்க நின்னுக்கினு கீறீங்க?"

"உங்களைப் பிடிக்கத்தான்" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

"நானும் உங்களப் புடிக்கத்தான் வந்தேன்!"

அதற்குள் குடையால் முகத்தை மறைத்தபடி அந்தோணி வந்தார். வெயிலோ முதுகுப் பக்கம்! எங்களைப் பார்த்ததும், "ரெண்டு பேரும் இங்கதான் இருப்பீங்கன்னு தெரியும். அதான் ஜல்தியா ஓடியாந்தேன்" என்றார்.

டிக்கெட் பரிசோதகர் வந்து கையை நீட்டினார். நாங்களும் மெதுவாக எடுத்து நீட்டினோம். மூன்றும் பாண்டிச்சேரி! பிளாட்பாரம் டிக்கெட் ஒன்றுகூட இல்லை.

கோவிந்தசாமிதான் முதலில் சிரித்தார். அப்புறம் மூன்று பேருமே வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். "பேஜாரா கீதுன்னு காலையிலயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் அந்தோணி. "நீ சொன்னியா?" என்றார் கோவிந்தசாமி.

ரயில் ஊதியது. உண்மையைச் சொல்கிறேன், என் கால் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. அந்தோணி என் சட்டையைப் பிடித்தார். "இன்னிக்கு இல்ல சார்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரயில் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

ஞாயிறன்று மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். "அந்த டிக்கெட்டு எங்க?" என்றாள். கொடுத்தேன். சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, பையை உள்ளே கொண்டு போனாள்.

இப்போது விளக்கேற்றும்போதெல்லாம் அதன் ஓரம் கண்ணில் படுகிறது. டிக்கெட் இருக்கிறது. பிரயாணம்தான்... இன்னிக்கு இல்ல!